ஈசிஜியும் எக்கோவும் ஒத்துப்போகாத இதயம்

எக்கோவில் இடது கீழறைச் சுவர் 12 மில்லிமீட்டரைத் தாண்டித் தடித்திருக்கிறது. தசை பெருத்ததால் வந்த தடிப்பு என்றால் ஈசிஜி அலைகள் ஓங்கி நிற்க வேண்டும். அவை சாதாரண உயரத்திலோ அதற்கும் தாழ்ந்தோ கிடந்தால், தசை நார்களுக்கு நடுவே வேறேதோ படிந்திருக்கலாம். டிரான்ஸ்தைரெட்டின் என்ற புரதம் திரிந்து இழைகளாக (அமிலாய்டு) இதயத்தில் படியும் டிரான்ஸ்தைரெட்டின் அமிலாய்டு இதயநோய்க்கான சந்தேகம் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது. அலைகள் தாழாத நோயாளிகளும் நிறையப் பேர் உண்டு. ஈசிஜி சரியாக இருக்கிறது என்பதற்காக விட்டுவிடக் கூடாது.

டிரான்ஸ்தைரெட்டின் என்பது கல்லீரல் சுரக்கும் புரதம். தைராக்ஸினையும் வைட்டமின் ஏ-யையும் ரத்தத்தில் சுமந்து செல்கிறது. 127 அமினோ அமிலங்கள் கொண்ட நான்கு ஒரேமாதிரித் துண்டுகள் சேர்ந்தது ஒரு மூலக்கூறு. நான்கும் கழன்று பிரிவதுதான் சிக்கலின் ஆரம்பம். பிரிந்த ஒற்றைத் துண்டு மடிப்பு குலைந்து, இழையாகத் திரிந்து, இதயத்திலும் நரம்பிலும் தசைநாணிலும் படிகிறது. மரபணுப் பிறழ்வு இருந்தால் இந்தப் பிரிவு எளிதாகிறது. ஆப்பிரிக்க அமெரிக்கர்களில் 3 முதல் 4 சதவீதம் பேர் சுமக்கும் வி122ஐ பிறழ்வு அப்படிப்பட்டது. பிறழ்வே இல்லாமல், வயதானதாலேயே வரும் வகையும் உண்டு. 85 வயதைக் கடந்தோரின் பிரேதப் பரிசோதனை ஆய்வொன்றில் நால்வரில் ஒருவரின் இதயத்தில் இந்தப் படிவு இருந்தது. மரபணு, இதயம், முதுமை என்று மூன்று துறைகள் தனித்தனியே பேசும் விஷயங்கள் இந்த ஒரே புரதத்தில் வந்து சேர்கின்றன.

இதயம் தளர்வதற்குப் பல ஆண்டுகள் முன்பே கை பேசிவிடுகிறது. இரண்டு மணிக்கட்டிலும் கார்பல் டனல் (மணிக்கட்டில் நரம்பு நசுங்குதல்) அறுவை சிகிச்சை, இடுப்புத் தண்டுவடக் கால்வாய்ச் சுருக்கம், அடிபடாமலே அறுந்த மேற்கைத் தசைநாண் ஆகியவை பழைய மருத்துவக் கோப்பில் இருக்கின்றனவா என்று தேட வேண்டும். பல காலமாக ரத்த அழுத்த மாத்திரை சாப்பிட்டவருக்கு இப்போது மாத்திரையே தேவைப்படவில்லை என்றால், அது நல்ல செய்தி என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பரிசோதனையில்தான் அதிகம் தவறு நடக்கிறது. கதிரியக்கப் பொருளைச் செலுத்தி எடுக்கும் டெக்னீசியம் பைரோபாஸ்பேட் ஸ்கேனில் இதயம் விலா எலும்புக்கு இணையாக ஒளிர்ந்தால் நிலை 2, அதைவிட அதிகம் ஒளிர்ந்தால் நிலை 3. இந்த இரண்டில் ஒன்று இருந்தால் இதயத் திசுவை எடுக்காமலே நோயை உறுதி செய்யலாம் என்று 2016இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆனால் அதில் ஒரு நிபந்தனை இருக்கிறது: ரத்தத்தில் ஃப்ரீ லைட் செயின் (ஆன்டிபாடியின் தனித் துண்டுகள்), ரத்தத்தில் இம்யூனோஃபிக்சேஷன், சிறுநீரில் இம்யூனோஃபிக்சேஷன் ஆகிய மூன்று பரிசோதனைகளுமே ஒற்றைக்குல புரதம் (ஒரே செல் குலம் அளவுக்கு மீறிச் சுரக்கும் ஆன்டிபாடிப் புரதம்) இல்லை என்று சொல்ல வேண்டும். புரதங்களை மின்புலத்தில் பிரித்துப் பார்க்கும் எலக்ட்ரோஃபோரெசிஸ் மட்டும் போதாது, சிறிய அளவை அது தவறவிடும். இந்த லைட் செயின்கள் படியும் ஏஎல் அமிலாய்டிலும் சிலருக்கு இதே ஸ்கேன் ஒளிரும். அது எலும்பு மஜ்ஜை நோய்; சிகிச்சை முற்றிலும் வேறு, காத்திருக்கவும் நேரமில்லை. மூன்றில் ஏதாவது ஒன்று சந்தேகமானால் திசுப் பரிசோதனைக்குப் போக வேண்டும். ஃப்ரீ லைட் செயினின் இரு வகைகளான கப்பா-லாம்டா விகிதம் வழக்கமாக 0.26 முதல் 1.65, சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு 3.1 வரை போகலாம் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

ஸ்கேனிலேயே வேறு இரண்டு குழிகள் உண்டு. ஒரு மணி நேரத்தில் எடுத்த தட்டைப் படத்தில், கீழறைக்குள் இருக்கும் ரத்தம் சுவர்போலத் தெரியும். ஸ்பெக்ட் எனும் முப்பரிமாணப் படத்தில் ஒளிர்வது சுவர்தானா என்று பார்க்காமல் அறிக்கை எழுதக் கூடாது. ஐயமிருந்தால் மூன்று மணி நேரத்தில் மறுபடி எடுக்கலாம். இன்னொன்று, வழக்கமான எலும்பு ஸ்கேனுக்குப் பயன்படும் எம்டிபி என்ற பொருள் பைரோபாஸ்பேட்டுக்கு மாற்றாகாது; படிவு இருந்தும் ஒளிராமல் போகும். நோய் உறுதியானால் வயது எவ்வளவானாலும் மரபணுப் பரிசோதனை செய்ய வேண்டும். வி122ஐ பெரும்பாலும் அறுபதைத் தாண்டித்தான் தலைகாட்டும். பெற்றோரில் ஒருவரிடம் இருந்தாலே பிள்ளைக்குப் போக 50 சதவீத வாய்ப்பு உண்டு.

மருந்துகளில் முதல் வகை நான்கு துண்டுகளையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும். 441 பேரிடம் நடந்து 2018இல் வெளியான டஃபமிடிஸ் ஆய்வில், 30 மாதங்களில் இறப்பு 42.9 சதவீதத்திலிருந்து 29.5 சதவீதமாகக் குறைந்தது. இறப்பில் வித்தியாசம் தெரியவே சுமார் 18 மாதங்கள் ஆயின. அதனால்தான் தாமதமாகத் தொடங்கியவருக்குப் பலன் குறைவு. இதன் 61 மில்லிகிராம் வடிவமும் மெக்லுமின் உப்பின் 80 மில்லிகிராமும் சமம். எண்ணைப் பார்த்து மாற்றிக் கொடுத்தால் அளவு பிசகும். இதே வகையைச் சேர்ந்த அகோராமிடிஸ் 712 மில்லிகிராம், தினம் இரு வேளை.

இரண்டாவது வகை கல்லீரலில் உற்பத்தியையே அடக்குகிறது. உட்ரிசிரான் 25 மில்லிகிராம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை தோலடி ஊசி. டிரான்ஸ்தைரெட்டின் குறையும்போது ரத்தத்தில் வைட்டமின் ஏ அளவும் விழும். உடன் அன்றாடத் தேவையளவு வைட்டமின் ஏ கொடுப்பது வழக்கம். ரத்த அளவைப் பார்த்து டோஸைக் கூட்டினால் நச்சாகிவிடும், ஏனெனில் அந்த எண் உடலின் இருப்பைக் காட்டாது. மரபணுவையே வெட்டும் கிரிஸ்பர் மருந்து 2021இல் வெளியான ஆறு பேர் ஆய்வில் ஒரே செலுத்தலில் புரதத்தைச் சராசரி 87 சதவீதம் வரை குறைத்தது. 2025 அக்டோபரில், கடுமையான கல்லீரல் பாதிப்பு காரணமாக அதன் பெரிய சோதனைகள் நிறுத்திவைக்கப்பட்டன. ஒருமுறை வெட்டியதைத் திரும்பப் பெற வழியில்லை என்பதால் இந்த எச்சரிக்கை நியாயம்தான்.

வழக்கமான இதய மருந்துகளில் சில இங்கே தலைகீழாக வேலை செய்யும். விறைத்த கீழறை ஒவ்வொரு துடிப்பிலும் கொஞ்சமே ரத்தத்தை வெளியேற்றும். துடிப்பு வேகம்தான் அதை ஈடுகட்டுகிறது. பீட்டா பிளாக்கர் அதைக் குறைத்தால் மயக்கமும் சோர்வும் வரும். வெரபமில், டில்டியாசெம் தவிர்க்க வேண்டியவை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (மேலறை ஒழுங்கற்றுத் துடித்தல்) இருந்தால் பக்கவாத அபாய மதிப்பெண் கணக்குப் போடாமல் ரத்தம் உறையாமைக்கான மருந்து தொடங்க வேண்டும்.

ஏற்கெனவே படிந்ததை இந்த மருந்துகள் எதுவும் நேரடியாக அகற்றுவதில்லை. படிவு கரைவது சாத்தியம் என்பதற்கு 2023இல் பதிவான மூன்று முதியவர்கள் சாட்சி: அவர்களின் இதயம் தானாகவே சீரானது, ரத்தத்தில் அமிலாய்டுக்கு எதிரான ஆன்டிபாடிகள் இருந்தன. அதே வழியில், படிவில் ஒட்டி நோயெதிர்ப்புச் செல்களை அழைத்து அதை விழுங்கவைக்கும் ஆன்டிபாடிகள் இப்போது மனிதர்களிடம் சோதிக்கப்படுகின்றன.