சைக்கிளும் சமையலறைத் தராசும்: 16 வாரக் கணக்கு

சைக்கிள் ஓட்டினால் எடை தானாக இறங்கிவிடும் என்று நம்பித்தான் ஆரம்பித்தேன். எடை 88.4 கிலோ, உயரம் 172 செ.மீ., வயது 35. வாரம் நாலு நாள், முக்கால் மணி நேரம். மூன்று வாரம் கழித்து எடை மெஷினில் ஏறிப் பார்த்தால் 88.8!

வேறொன்றுமில்லை, பசி. ஓட்டி முடித்து வந்தால் வயிறு கத்தும். செயலியோ ‘700 கலோரி எரிந்தது’ என்று தட்டிக்கொடுக்கும். அதை நம்பி அத்தனையையும் சாப்பிட்டே தீர்த்திருக்கிறேன். அப்புறம்தான் கணக்குப் போட்டேன். சும்மா இருப்பதைப்போல் எத்தனை மடங்கு செலவாகிறது என்று சொல்லும் அளவு மெட். மணிக்கு 16–19 கி.மீ. வேகத்துக்கு மெட் மதிப்பு 6.8, ஒரு மெட் என்பது கிலோவுக்கு மணிக்குச் சுமார் ஒரு கலோரி. என் எடைக்கு முக்கால் மணியில் 450. சும்மா படுத்திருந்தாலே செலவாகும் 66-ஐக் கழித்தால் 385-க்கும் கொஞ்சம் கீழே.

நாலாவது வாரம் ஒரு சமையலறைத் தராசு வாங்கினேன். எடை, உயரம், வயது, பாலினத்தை வைத்து, சும்மா இருந்தாலே உடம்புக்கு ஆகும் செலவைக் கணிக்கும் மிஃப்லின்–செயின்ட் ஜியோர் சூத்திரப்படி, அன்றாட நடமாட்டத்தைச் சேர்த்து, சைக்கிளைச் சேர்க்காமல், என் ஒரு நாள் தேவை சுமார் 2,145 கலோரி. நான் வைத்துக்கொண்டது 1,700. ஓட்டிய நாளில் மட்டும் கூட 200.

முதல் நாளே எண்ணெயில் மாட்டிக்கொண்டேன். ‘ஒரு ஸ்பூன்தான்’ என்று நினைத்துச் சாய்ப்பது வழக்கம். வாணலியைத் தராசில் வைத்து, பூஜ்யமாக்கி, எப்போதும்போல் கண்ணளவில் ஊற்றினேன். 31 கிராம். கிராமுக்கு 9 வீதம் 279 கலோரி. எதிர்க்காற்றில் பல்லைக் கடித்துக்கொண்டு அரை மணி நேரம் மிதித்தது மொத்தமும், அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே வாணலியில் மினுமினுத்துக்கொண்டு கிடந்தது. இப்போதெல்லாம் 8 கிராம்தான். ருசியில் பெரிய வித்தியாசம் இல்லை என்று சொன்னால் பொய். முதல் வாரம் எரிச்சலாகத்தான் இருந்தது.

நடுவில் முழங்காலின் முன்பக்கம் வலித்தது. சீட் தாழ்வாக இருந்திருக்கிறது. பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை வைத்தால் கால் நேராக நீளும் அளவுக்கு உயர்த்தினேன், 3 செ.மீ. கனமான கியரில் அழுத்துவதையும் விட்டேன். பத்து நாளில் வலி போய்விட்டது.

ஒரு ஞாயிறு 60 கி.மீ. போய்விட்டு வந்து நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கினேன். மறுநாள் காலை 900 கிராம் கூடுதல்! ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி என்றால், ஒரே ராத்திரியில் 7,000 கலோரியை மிச்சமாகச் சாப்பிட்டிருக்க வேண்டும். நானே நினைத்தாலும் முடியாது. தசையில் கிளைக்கோஜன் (உடம்பு சேமித்துவைக்கும் மாவுச்சத்து) சேரும்போது கிராமுக்குச் சுமார் 3 கிராம் தண்ணீரும் கூடவே தங்கும்; அதுதான். அன்றிலிருந்து வாரச் சராசரியை மட்டும்தான் குறித்துவைக்கிறேன்.

தராசு வந்து 16 வாரம். இந்த வாரச் சராசரி 81.6. உடம்பு இளைத்ததில் தேவையும் 2,065-க்கு இறங்கிவிட்டது. அந்த 80 கலோரியைத் தட்டில் குறைப்பதா, இன்னொரு நாள் கூடுதலாக மிதிப்பதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. எண்ணெயை மட்டும் இதற்குமேல் குறைக்க மாட்டேன்.