தோளுக்கு மேல் எழும் பந்து

"சார், நான் குள்ளம்" என்றாள். டென்னிஸ் பழக வந்தவள், ஒன்பது வயது. பந்து அவள் தலைக்கு மேலே போயிருந்தது.

குள்ளமில்லை கண்ணு, பந்துதான் அதிகம் எழும்புகிறது. பெரியவர்கள் ஆடும் மஞ்சள் பந்தைவிட 25 சதவீதம் வேகம் குறைந்த, தாழ்வாக எழும்பும், பிள்ளைகளுக்கான பச்சைப் பந்தை எடுத்து வந்தேன். (இதில் மானக்குறைவு பெற்றோருக்கு மட்டும்தான்.)

மட்டையைத் தாழ்த்தாமல், தோள் உயரத்திலேயே பின்னால் கொண்டுபோகச் சொன்னேன். இடது கை பந்தைச் சுட்டிக்காட்டட்டும், தோள் தானாகத் திரும்பும். பந்து எழும்பினால் இரண்டடி பின்வாங்கு, அது இறங்கி வரும்.

எங்களுக்குப் பெரியவர்களின் பந்தையே கொடுத்து, அடிக்கத் தெரியவில்லை என்று திட்டினார்கள். நாங்களும் நம்பினோம்.

ஏழாவது பந்து கோட்டுக்குள் விழுந்தது. அவள் வேலிக்கு அப்பால் நின்ற அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் கைப்பேசியில் இருந்தார்.