அளவுகளும் வெடிப்புகளும்

ஒரு கட்டடத்தின் அழகிய ஒளிப்படங்கள் இணையத்தில் ஆயிரக்கணக்கில் கொட்டிக் கிடந்தாலும், அதன் சுவர் எவ்வளவு தடிமன், படிக்கட்டு எந்தப் பக்கம் திரும்புகிறது என்று தேடியபோதெல்லாம் நான் வெறுங்கையோடுதான் திரும்பியிருக்கிறேன். அந்தக் குறையைத் தீர்த்தது, அமெரிக்காவில் 1933-இல் தொடங்கிய வரலாற்றுக் கட்டட ஆவணத் திட்டம். கட்டடங்களை அளந்து வரைந்த தள வரைபடங்களையும், கட்டடத்தை வெட்டிப் பார்த்தால் உள்ளே தெரிவதைக் காட்டும் வெட்டுத்தோற்றங்களையும் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தளத்தில் எவரும் கட்டணமின்றிப் பதிவிறக்கலாம். தேடுபொறி மட்டும் பழைய காலத்தது; பொறுமை வேண்டும்.

இணையத்தில் ஓவியங்களைப் பார்க்க என் முதல் தேர்வு ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அருங்காட்சியகத்தின் தளம். ரெம்பிராண்ட் 1642-இல் வரைந்து முடித்த ‘இரவுக் காவல்’ ஓவியத்தை 8,439 படங்களாக எடுத்து, ஒன்றாகத் தைத்து, 71,700 கோடி படப்புள்ளிகள் கொண்ட ஒரே படமாக 2022-இல் வெளியிட்டார்கள். நடுவில் நிற்கும் தலைவரின் முகத்தை நோக்கிப் பெரிதாக்கிக்கொண்டே போனால், முகம் மறைந்து, காய்ந்த வண்ணத்தின் வெடிப்புகள் வறண்ட ஏரிப்படுகையைப் போல விரிகின்றன. அன்று இரவு வேறு வேலை எதுவும் நடக்கவில்லை.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகமும் 2017 முதல் காப்புரிமை முடிந்த படைப்புகளின் படங்களைத் தடையின்றி வழங்குகிறது. ஆனால், பொருளின் சரியான பெயர் தெரியாமல் அங்கே தேடுவது வீண். ‘வளைவு’ (arch) என்று பொதுவாகத் தேடிச் சலித்தபின், அமெரிக்காவின் கெட்டி (Getty) என்ற கலை ஆய்வு நிறுவனத்தின் கலை, கட்டடக்கலைச் சொற்களஞ்சியத்தில் வளைவின் வகைகளுக்குரிய தனிப்பெயர்களைப் பார்த்துக்கொண்டு மீண்டும் தேடினேன். வேண்டியது முதல் பக்கத்திலேயே கிடைத்தது.