வாய், அண்ணம் பகுதிக்குப் படிப்பவர்கள் முதலில் ஹாமுலஸைப் பிடியுங்கள்

உடற்கூறியல் தேர்வு ரிசல்ட் வந்த கையோடு எழுதுவதால் கொஞ்சம் காரம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தாள் எப்படி இருக்கும், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) என்ன நடக்கும் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

மென் அண்ணம் (வாயின் கூரையில் பின்னாலுள்ள மெத்தென்ற பகுதி) என்றதும் எல்லோரும் செய்வது ஒன்றுதான். 5 தசைகள், ஒவ்வொன்றுக்கும் தொடக்கம், முடிவு, நரம்பு, வேலை என்று 20 கட்டம் போட்ட அட்டவணை. அதை உருப்போடுவார்கள். எழுத்துத் தாளுக்கு அது ஓரளவு கைகொடுக்கும். வைவாவில் மண்டையோட்டைக் கையில் கொடுத்து, “டென்சர் வெலி பாலட்டினி எங்கிருந்து எங்கே போகிறது, காட்டு” (அண்ணத்தை விறைக்கும் தசை அது) என்றால் அட்டவணை வாயில் வரும், விரல் காற்றில் நிற்கும். அங்கேதான் மார்க் போகிறது.

இதற்கு நான் சொல்லும் வைத்தியம் ஒன்றே ஒன்று: டெரிகாய்டு ஹாமுலஸ். மற்றவர்கள் பத்து உத்தி சொல்வார்கள், சொல்லட்டும்.

மண்டையோட்டைக் கவிழ்த்து, அடிப்பக்கம் உங்களைப் பார்க்கும்படி பிடியுங்கள். மேல் மூன்றாம் கடைவாய்ப்பல்லைத் தேடுங்கள். அதற்குப் பின்னால் மேல்தாடை எலும்பின் புடைப்பு. அதற்கும் பின்னால் ஸ்பீனாய்டு எலும்பின் இரண்டு டெரிகாய்டு தகடுகள் செங்குத்தாக நிற்கும். உள்தகட்டின் கீழ்முனை மெலிந்து, பின்னோக்கியும் வெளிப்பக்கமாகவும் வளைந்த சின்னக் கொக்கியாக முடியும். அதுதான் ஹாமுலஸ். பலர் கைபட்ட ஓடுகளில் இது ஒடிந்து போயிருப்பது சகஜம், அதனால் இரண்டு பக்கமும் பாருங்கள். சொந்த வாயிலும் தொட்டுப் பார்க்கலாம். கையைக் கழுவிவிட்டு, மேல் கடைசிக் கடைவாய்ப்பல்லுக்குப் பின்னால், சற்று உள்தள்ளி அழுத்தினால் மென் அண்ணத்தின் ஓரத்தில் கெட்டியாகத் தட்டுப்படும். அதற்குப் பின்னால் விரலை விடாதீர்கள், குமட்டும்.

இனி விரல் அந்தக் கொக்கியில் இருக்கட்டும். அங்கிருந்து ஒவ்வொரு திசையாகப் போய், வாய்விட்டுச் சொல்லுங்கள்.

மேலே: உள்தகட்டின் வேர்ப்பகுதியில் ஸ்கேஃபாய்டு குழி. டென்சர் இங்கே தொடங்குகிறது. ஸ்பீனாய்டின் முள்ளும், யூஸ்டேகியன் குழாயின் (நடுக்காதைத் தொண்டையோடு இணைப்பது) குருத்தெலும்பு வெளிப்பக்கமும் அதன் மற்ற இரண்டு தொடக்கங்கள்.

உள்ளே: டென்சரின் தசைநாண் கொக்கியைச் சுற்றித் திரும்பி, அண்ணத்துக்குள் விரிந்து, அபோநியூரோசிஸ் (தட்டையான நாண் விரிப்பு) ஆகிறது.

கீழே: டெரிகோமாண்டிபுலர் ராஃபே என்ற நார்ப்பட்டை. கீழ்த்தாடையில் மைலோஹையாய்டு கோட்டின் பின்முனையில் போய் ஒட்டும். ராஃபேக்கு முன்னால் கன்னத் தசையான பக்ஸினேட்டர், பின்னால் தொண்டைச் சுவரின் தசையான சுப்பீரியர் கன்ஸ்ட்ரிக்டர்.

பின்னே: அதே கன்ஸ்ட்ரிக்டரின் மேல் இழைகள்.

முன்னே: அண்ண எலும்பின் பிரமிடு முனைப்பில் லெஸ்ஸர் பாலட்டைன் துளைகள், அதற்கு முன்னால் கிரேட்டர் பாலட்டைன் துளை.

இந்த ஐந்து திசையும் கைவந்தால் மென் அண்ணம், கன்னம், தொண்டைச் சுவர், கீழ்த்தாடை மயக்க ஊசி என்று நாலு கேள்விக்கு எலும்புக்கூடு தயார்.

டென்சரின் வேலை ஏன் அப்படி என்று கேட்டால் ஹாமுலஸே பதில் சொல்லும். தசை மேலிருந்து செங்குத்தாக இறங்குகிறது. அப்படியே ஒட்டியிருந்தால் அண்ணத்தை மேலேதான் இழுக்க முடியும். கிணற்றுக் கப்பியில் கயிறு திரும்புவது போலத் தசைநாண் கொக்கியில் திரும்புவதால் இழுவை பக்கவாட்டில் போகிறது. இரண்டு பக்கமும் சேர்ந்து இழுக்க, அண்ணம் விறைக்கிறது. மறுமுனை யூஸ்டேகியன் குழாயில் இருப்பதால் விழுங்கும்போது குழாய் திறக்கிறது. அண்ணப் பிளவுள்ள குழந்தைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்துக்கொள்வதன் காரணமும் இதுவே. தசை பிடித்து இழுக்க நடுவில் சரியான பற்றிடம் இல்லை, குழாய் ஒழுங்காகத் திறப்பதில்லை. இதை இரண்டு வரியில் எழுதினால், “செயல்: அண்ணத்தை விறைப்பாக்கும்” என்று ஒற்றை வரி எழுதியவரைவிட நீங்கள் தனியாகத் தெரிவீர்கள்.

அண்ணத்தைத் தூக்கும் லெவேட்டர் வெலி பாலட்டினியை டென்சரோடு குழப்பாதவர் குறைவு. இரண்டையும் பிரிக்கும் கோடு உள்தகடுதான். டென்சர் அதற்கு வெளியே, தொண்டைக்கு வெளியே இறங்குகிறது. லெவேட்டர் பெட்ரஸ் எலும்பின் அடியில், கரோடிட் தமனி நுழையும் வாய்க்கு முன்னால் தொடங்கி, சுப்பீரியர் கன்ஸ்ட்ரிக்டரின் மேல் விளிம்புக்கு மேலாகத் தொண்டைக்குள் நுழைந்து, அபோநியூரோசிஸின் மேற்பரப்பில் ஒட்டுகிறது. அதற்குக் கப்பி கிடையாது, நேராகத் தூக்குகிறது. படம் வரையும்போது லெவேட்டரை ஹாமுலஸுக்கு வெளியே போட்டுவிட்டால் கீழே எத்தனை பக்கம் எழுதினாலும் பயன் இல்லை.

நரம்பு விஷயத்தில் மனப்பாடம் செய்ய வேண்டியது இரண்டே விதிவிலக்கு. அண்ணத் தசைகள் எல்லாம் ஃபாரிஞ்சியல் பின்னல் (தொண்டைச் சுவரின் நரம்புப் பின்னல்) வழியாக வேகஸ் நரம்பு, டென்சர் மட்டும் மாண்டிபுலர் நரம்பு. நாக்குத் தசைகள் எல்லாம் ஹைப்போகிளாசல், பாலட்டோகிளாசஸ் மட்டும் ஃபாரிஞ்சியல் பின்னல். டென்சர் கருவின் முதல் ஃபாரிஞ்சியல் வளைவிலிருந்து வந்தது, அதனால் அந்த வளைவின் நரம்பை இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. பாலட்டோகிளாசஸ் பெயரில் நாக்கு இருந்தாலும் கூட்டணி அண்ணத்தோடு. பழைய பதிப்புகளில் வேகஸுக்குப் பதில் அக்ஸசரி நரம்பின் கிரேனியல் வேர் என்றிருக்கும். “கிரேனியல் அக்ஸசரி, வேகஸ் வழியாக” என்று சொன்னால் இரண்டு தரப்பும் தலையாட்டும்.

அடுத்தது, எத்தனை முறை சொன்னாலும் தலைகீழாக வரும் ஒன்று.

வேகஸ் பழுதானால் உள்நாக்கு நல்ல பக்கம் சாயும். ஹைப்போகிளாசல் பழுதானால் நீட்டிய நாக்கு கெட்ட பக்கம் சாயும்.

பாட்டுக் கட்டி மனப்பாடம் செய்யாதீர்கள், மேஜை முன்னால் பாட்டு மறந்துபோகும். லெவேட்டர் இழுக்கும் தசை, நல்ல பக்கத்து லெவேட்டர் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஜீனியோகிளாசஸ் நாக்கை முன்னே தள்ளும் தசை, நல்ல பக்கத்துத் தசை நாக்கை எதிர்ப்பக்கம் தள்ளிவிடும். இழுப்பு, தள்ளு. அவ்வளவுதான்.

வன் அண்ணப் படத்துக்கு ஒரு வரிசை வைத்துக்கொள்ளுங்கள். குதிரைலாடம் போல் பல்வரிசை. நடுக்கோடு. பின்னாலிருந்து மூன்றில் ஒரு பங்கில் குறுக்குக் கோடு: முன்னால் மேல்தாடை எலும்பு, பின்னால் அண்ண எலும்பு. முன்பங்கு நான்கில் மூன்று என்று சொல்லும் புத்தகமும் உண்டு, உங்கள் துறையில் எதைப் படிக்கிறார்களோ அதையே எழுதுங்கள். நடு வெட்டுப்பற்களுக்குப் பின்னால் இன்சைசிவ் குழி. குறுக்குக் கோட்டின் வெளிமுனையில், மூன்றாம் கடைவாய்ப்பல்லுக்கு உள்பக்கம் கிரேட்டர் பாலட்டைன் துளை. பின்விளிம்பின் நடுவில் நேசல் முள். அதற்குப் பின்னால் இரண்டு கொக்கி. பிறகு ஒரு பாதியில் நரம்பு, மறுபாதியில் தமனி. கிரேட்டர் பாலட்டைன் தமனி முன்னோக்கி ஓடி இன்சைசிவ் கால்வாய் வழியாக மூக்குக்குள் ஏறி, ஸ்பீனோபாலட்டைன் கிளையோடு சேர்கிறது. நரம்போ அப்படி ஏறுவதில்லை. முன்பற்களுக்குப் பின்னாலுள்ள பகுதி மூக்கிலிருந்து இறங்கும் நேசோபாலட்டைன் நரம்புக்கு, மீதி கிரேட்டர் பாலட்டைன் நரம்புக்கு. தமனிக்கும் நரம்புக்கும் ஒரே கோடு போடுபவர்கள் இந்த வித்தியாசத்தைக் கோட்டைவிடுகிறார்கள். அண்ணப் பிளவு அறுவையில் எடுக்கும் திசுமடிப்பில் இந்தத் தமனியை விட்டுவிடாமல் காப்பது ஏன் என்ற கேள்வியும் இங்கிருந்துதான் வரும். அந்த மடிப்பு உயிரோடிருப்பதே அதன் தயவில்.

அண்ணத்தில் போடும் ஊசி ஏன் அப்படி வலிக்கிறது? சவ்வும் எலும்புறையும் ஒன்றாக ஒட்டி மியூகோபெரியாஸ்டியம் ஆகியிருக்கிறது, மருந்து பரவ இடமில்லை. பக்கவாட்டில், பின்பகுதியில் கொஞ்சம் சுரப்பித் திசு இருப்பதால் அங்கே சற்று எளிது. நடுக்கோட்டில் அதுவும் இல்லை.

கருவளர்ச்சியை ஒதுக்கிவிட்டு அண்ணம் படிக்க முடியாது. இன்சைசிவ் துளைக்கு முன்னால் முதனிலை அண்ணம்: இண்டர்மேக்ஸிலரி பகுதியிலிருந்து வருவது, நான்கு வெட்டுப்பற்களையும் தாங்குவது. பின்னால் இரண்டாம்நிலை அண்ணம், மேல்தாடை முகிழ்களிலிருந்து நீளும் தட்டு போன்ற அலமாரிகளிலிருந்து. அலமாரிகள் 6ஆம் வாரத்தில் தோன்றி, நாக்கின் இருபக்கமும் செங்குத்தாகத் தொங்கி, நாக்கு இறங்கியதும் கிடைமட்டமாகி, முன்னிருந்து பின்னாக ஒட்டி, 12ஆம் வாரத்தை ஒட்டி முடிகின்றன. கடைசியில் ஒட்டுவது உள்நாக்கு, அதனால்தான் பிளவுகளில் மிக லேசானது இரட்டை உள்நாக்கு. அதை ஒரு வேடிக்கையாகப் பார்த்துவிட்டுப் போகக்கூடாது. வன் அண்ணத்தின் பின்விளிம்பைத் தடவிப் பார்த்து, நடுவில் பள்ளம் தட்டுப்பட்டால் சவ்வுக்கு அடியில் மறைந்த பிளவைச் சந்தேகிக்க வேண்டும். பெண் கருவில் அலமாரிகள் ஒட்டுவது ஒரு வாரம் அளவுக்குத் தாமதம். உதடு பிளக்காமல் அண்ணம் மட்டும் பிளப்பது பெண்களில் அதிகம் என்பதற்குப் பாடநூல் சொல்லும் காரணம் அது.

வாயின் மற்ற பகுதியில் திரும்பத் திரும்பக் கேட்கப்படுபவை:

– பக்ஸினேட்டரை இயக்குவது ஃபேஷியல் நரம்பு. அதைத் துளைத்துப் போகும் பக்கல் நரம்பு மாண்டிபுலரின் கிளை, உணர்ச்சி மட்டும். பெயரைப் பார்த்து ஏமாறுவோர் பட்டியல் நீளமானது.

– பரோட்டிட் (காதுக்கு முன்னாலுள்ள உமிழ்நீர்ச் சுரப்பி) நாளம்: சுமார் 5 செ.மீ., பக்ஸினேட்டரைத் துளைத்து மேல் இரண்டாம் கடைவாய்ப்பல்லுக்கு எதிரே திறக்கிறது.

– நாக்குத் தசையான ஹையோகிளாசஸின் வெளிப்பரப்பில், மேலிருந்து கீழாக: லிங்குவல் நரம்பு, சப்மாண்டிபுலர் நாளம், ஹைப்போகிளாசல் நரம்பு. அடியில் லிங்குவல் தமனி.

– லிங்குவல் நரம்பு சப்மாண்டிபுலர் நாளத்தைச் சுற்றுவது: வெளியே, கீழே, உள்ளே.

– வேலேட் பாப்பிலாக்கள் (நாக்கின் பெரிய சுவை முகிழ்ப்புகள்) நாக்கின் V வடிவப் பள்ளத்துக்கு முன்னால் இருந்தாலும் சுவை கிளாசோஃபாரிஞ்சியல் வழி.

– அண்ணத்தின் சுவை: பாலட்டைன் நரம்புகள், கிரேட்டர் பெட்ரோசல், ஜெனிகுலேட் கணு.

லிங்குவல் நரம்பில் ஒரு நிமிடம் நில்லுங்கள். கீழ் மூன்றாம் கடைவாய்ப்பல்லுக்கு அருகில் அது தாடையின் உள்பக்கம், சவ்வுக்கு அடியிலேயே ஓடுகிறது. பல் எடுக்கும்போது அங்கே அடிபட்டால் என்ன இழப்பு என்று கேட்டால் “தொடு உணர்ச்சி” என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். சுவையையும் சுரப்பித் தூண்டலையும் சுமக்கும் கார்டா டிம்பனி நரம்பு அதற்கு முன்பே சேர்ந்துவிட்டது. அதே பக்கம் நாக்கின் முன் மூன்றில் இரண்டு பங்கில் சுவையும் போகும், சப்மாண்டிபுலர், சப்லிங்குவல் சுரப்பிகளுக்கான தூண்டலும் போகும். கார்டா சேரும் இடத்துக்கு மேலே அடிபட்டால் சுவை தப்பிக்கும். இந்த மேல்-கீழ் வித்தியாசத்தை நீங்களாகவே எடுத்துச் சொல்லுங்கள், அடுத்த கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

கீழ்த்தாடை மயக்க ஊசிக்கு ராஃபே மேல் எழும்பும் சவ்வு மடிப்புதான் வழிகாட்டி. வாயை அகலத் திறந்தால் தெரியும். ஊசி அதற்கு வெளிப்பக்கம் நுழைய வேண்டும். உள்ளே தள்ளிப்போனால் மீடியல் டெரிகாய்டு தசையில் இறங்கி, பிறகு வாய் திறக்க முடியாமல் போகலாம். ரொம்பப் பின்னால் போனால் பரோட்டிட் சுரப்பி, அந்தப் பக்க முகம் சில மணி நேரம் செயலிழக்கும்.

டான்சில், நிணநீர் ஓட்டம் இரண்டையும் எந்தப் புத்தகத்திலும் படிக்கலாம், இங்கே நீட்டவில்லை. டான்சில் படுக்கையில் வெளி அண்ணச் சிரை இருப்பதையும், அறுவையில் இரத்தம் அதிலிருந்து வரலாம் என்பதையும் மறக்காதீர்கள்.

கடைசியாக ஹிஸ்டாலஜி ஸ்லைடு. மென் அண்ணம், உதடு, எபிகிளாட்டிஸ் (குரல்வளை மூடி) மூன்றுக்கும் இரண்டு பக்கமும் எபிதீலியம் (மேற்பரப்புத் திசு) இருப்பதால் ஸ்பாட்டரில் (பார்த்து அடையாளம் சொல்லும் தேர்வில்) மாறிப்போகும். குறைந்த பெரிதாக்கத்தில் நடுவைப் பாருங்கள். எலாஸ்டிக் குருத்தெலும்பு இருந்தால் எபிகிளாட்டிஸ். ஒரு பக்கம் மயிர்க்கால் இருந்தால் உதடு. நடுவில் எலும்புத்தசை, வாய்ப்பக்கம் கும்பலாகச் சளிச் சுரப்பி, மறுபக்கம் குறுயிழை எபிதீலியம் என்றால் மென் அண்ணம். மூக்குப் பக்கத்தின் பின்பகுதியிலும் அடுக்குத் தட்டை எபிதீலியம்தான், அந்த இடம் வெட்டில் வந்திருந்தால் குறுயிழை தெரியாது. அப்போது சுரப்பியும் தசையும் எந்தப் பக்கம் என்று பார்த்து முடிவெடுங்கள்.