ஒரே கடலின் கரையில் பல நாடுகள்: அனைத்துலக உறவுத் தாளில் இந்தக் கேள்வியை எழுதும் முறை

“பொதுவான கடலைச் சூழ்ந்த நாடுகளின் அரசியல், பொருளாதார ஒத்துழைப்பை மதிப்பிடுக.” ஏதாவது ஒரு வடிவில் இந்தக் கேள்வி வரும். கோலாலம்பூரிலும் பினாங்கிலும் இந்தத் தாளுக்குத் தயாராகும் நம் மாணவர்கள் பலர் அமைப்பின் பெயர், தொடங்கிய ஆண்டு, உறுப்பு நாடுகள், நோக்கங்கள் என்று எழுதி நிறுத்திவிடுகிறார்கள். அது மனப்பாடத்துக்குக் கிடைக்கும் புள்ளி மட்டுமே. எந்த வேலைக்காகச் சேர்ந்தார்கள், செலவு யார் தலையில் விழுந்தது, ஒத்துழைப்பு எந்தக் கோட்டோடு நின்றது என்ற மூன்றையும் ஒவ்வோர் எடுத்துக்காட்டிலும் சொன்னால்தான் அது மதிப்பீடு ஆகும்.

சட்டத்தை முதல் பத்தியிலேயே வைத்துவிடுங்கள். 1982 ஐநா கடல் சட்ட உடன்படிக்கையின் 122-ஆவது விதி, மூடிய கடலும் அரைமூடிய கடலும் (பல நாடுகள் சூழ்ந்திருக்க, குறுகிய வாயில் வழியே வெளிக்கடலோடு சேர்பவை போன்றவை) எவை என்று வரையறுக்கிறது. அவற்றைச் சூழ்ந்த நாடுகள் மூன்று துறைகளில் ஒருங்கிணைய முயல வேண்டும் என்கிறது 123-ஆவது விதி: மீன் முதலான உயிர்வளம், கடல் சூழல், அறிவியல் ஆய்வு. எண்ணெய், வணிகம், ரோந்து எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை. அதனால்தான் அவை ஒவ்வொன்றுக்கும் தனி ஒப்பந்தம் தேவைப்பட்டது. மலாக்கா நீரிணைக்குப் பொருந்துவது 43-ஆவது விதி. அது நீரிணையின் கரையோர நாடுகளும் அதைப் பயன்படுத்தும் நாடுகளும் சேர்ந்து இயங்குவதைப் பற்றியது. 123-ஐயும் 43-ஐயும் மாற்றிப் போட்ட விடைகள் ஏராளம்.

எடுத்துக்காட்டுகளில் மலாக்காவுக்கே அதிக இடம் கொடுங்கள். நம் வாசலில் இருக்கிறது என்பதற்காகச் சொல்லவில்லை. ஒத்துழைப்பின் பலமும் வரம்பும் ஒரே இடத்தில் இவ்வளவு தெளிவாகத் தெரியும் வேறு எடுத்துக்காட்டு அரிது. 1971 நவம்பர் கூட்டறிக்கையில், கப்பல் போக்குவரத்தின் பாதுகாப்பு தங்கள் பொறுப்பு என்று இந்தோனேசியா, மலேசியா, சிங்கப்பூர் மூன்றும் ஒத்துக்கொண்டன. இது அனைத்துலக நீரிணை அல்ல என்ற நிலையை இந்தோனேசியாவும் மலேசியாவும் எடுத்தபோது, சிங்கப்பூர் அதைக் கவனத்தில் கொண்டதாக மட்டும் சொன்னது. அடிப்படையில் கருத்து வேறுபாட்டை வைத்துக்கொண்டே வேலையைத் தொடங்கினார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

1975 ஜனவரியில் ஷோவா மாரு என்ற ஜப்பானிய எண்ணெய்க் கப்பல் சிங்கப்பூர் அருகே தரைதட்டி எண்ணெய் கொட்டியது. 1977-இல் ஏற்கப்பட்ட போக்குவரத்து விதிகளில், கப்பலின் அடிப்பாகத்துக்கும் கடலடிக்கும் இடையே குறைந்தது 3.5 மீட்டர் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வந்தது. அடுத்தது பணம். கடந்து போவதற்காக மட்டும் கப்பலிடம் கட்டணம் வாங்கச் சட்டம் இடம் தராது. ஆனால் கலங்கரை விளக்கமும் மிதவைகளும் சும்மா நிற்பதில்லை, கசிந்த எண்ணெயைச் சுத்தம் செய்வதும் சும்மா நடப்பதில்லை. 1981-இல் ஜப்பானியத் தரப்பு கொடுத்த 400 மில்லியன் யென்னை வைத்து ஒரு சுழல்நிதி அமைந்தது. எண்ணெய் கசிந்தால் மூன்று நாடுகளில் எதுவும் அதிலிருந்து உடனே எடுத்துச் சுத்தம் செய்யலாம். பிறகு கப்பல் தரப்பிடம் இழப்பீடு பெற்று நிதியில் திருப்பிக் கட்ட வேண்டும். இந்தச் சுழற்சியை இரண்டு வரியில் விளக்குங்கள். நிதியின் பெயரை மட்டும் எழுதினால் அது வெறும் தகவலாக நின்றுவிடும்.

பாதுகாப்புப் பகுதியில் நடக்கும் பெரிய தவறு, மூன்று கடற்படைகளும் ஒன்றாகச் சேர்ந்து எங்கும் சுற்றுகின்றன என்று எழுதுவது. 2004-இல் தொடங்கிய ரோந்தில் ஒவ்வொரு நாடும் தன் நீரெல்லைக்குள்தான் சுற்றும். எல்லை தாண்டித் துரத்தும் உரிமை கிடையாது. 2005 செப்டம்பரில் வந்த வான்வழிக் கண்காணிப்பு மட்டும் கொஞ்சம் தாராளம். விமானம் அண்டை நாட்டு நீருக்கு மேல் பறக்கலாம், ஆனால் கரையிலிருந்து 3 கடல் மைலுக்கு உள்ளே வரக்கூடாது. தாய்லாந்து 2008-இல் சேர்ந்தது. 2005-இல் வேலை வேகம் பிடித்ததற்கு ஒரு காரணம் காப்புறுதிச் செலவு. 2005 ஜூனில் லண்டன் காப்புறுதிச் சந்தையின் போர் இடர்க் குழு நீரிணையை ஆபத்துப் பட்டியலில் சேர்த்தது (சேர்ந்தால் கப்பல்களின் காப்புறுதிக் கட்டணம் ஏறும்), 2006 ஆகஸ்டில் நீக்கியது. இந்தக் காரணத்தைச் சொல்லாமல் ரோந்தை மட்டும் விவரித்தால் பொருளாதாரப் பக்கம் விடுபட்டுப்போகும்.

அடுத்து தாய்லாந்து வளைகுடாவில் உள்ள மலேசியா–தாய்லாந்து கூட்டு மேம்பாட்டுப் பகுதி. எல்லைச் சண்டை தீராமலேயே 7,250 சதுர கிலோமீட்டரில் வருமானத்தைப் பாதிப் பாதியாகப் பிரிக்க 1979-இல் உடன்பாடு கண்டார்கள். கூட்டு ஆணையத்துக்கான ஒப்பந்தம் 1990-இல்தான் வந்தது, எரிவாயு 2005-இல். தாமதத்துக்கு ஒரு காரணம், மலேசியா உற்பத்திப் பகிர்வு முறையிலும் (எடுப்பதை அரசும் நிறுவனமும் பங்கிட்டுக்கொள்வது) தாய்லாந்து உரிம முறையிலும் (நிறுவனம் எடுத்துக்கொண்டு அரசுக்கு உரிமத்தொகையும் வரியும் கட்டுவது) எண்ணெய் எடுத்துவந்தன. எதைப் பின்பற்றுவது என்பதைத் தீர்க்காமல் துளையிட முடியாது. முடிவில் உற்பத்திப் பகிர்வு நிலைத்தது. அரசியல் மனம் இருந்தாலும் நிர்வாக முறை ஒத்துப்போகாவிட்டால் வருடங்கள் ஓடும் என்பதைக் காட்ட 1979, 1990, 2005 என்ற இந்த மூன்று தேதிகளே போதும்.

கருங்கடலில் மாணவர்கள் தவறுவது உறுப்பினர் எண்ணிக்கையில். கரை உள்ளவை ஆறு நாடுகள்: துருக்கி, பல்கேரியா, ருமேனியா, உக்ரைன், ரஷ்யா, ஜார்ஜியா. கருங்கடல் பொருளாதார ஒத்துழைப்பு அமைப்பில் இருப்பவை 13. கிரேக்கம், ஆர்மீனியா, அல்பேனியா போன்றவற்றுக்கு அந்தக் கடலில் கரையே இல்லை. செயலகம் இஸ்தான்புல், வளர்ச்சி வங்கி தெசலோனிக்கி. இனி மதிப்பீடு: 2022 ஜூலை 22-இல் உக்ரைன் தானிய ஏற்றுமதி உடன்பாடு கையெழுத்தானதும் அதே இஸ்தான்புல்லில்தான். ஆனால் அதைக் கொண்டுவந்தவை ஐநாவும் துருக்கியும். இந்த அமைப்பு அல்ல. உடன்பாடும் 2023 ஜூலையில் முடிந்துபோனது. வணிகத்துக்காக அமைந்த, எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவெடுக்கும் கருத்தொற்றுமை அமைப்பால் தன் உறுப்பினர்களுக்கிடையே நடக்கும் போரைத் தாங்க முடியாது என்று துணிந்து எழுதுங்கள். சான்று கையில் இருக்கிறது.

காஸ்பியனுக்கு நான்கு வரி போதும்: ஐந்து நாடுகள், 2018 ஆகஸ்ட் 12 அக்தாவ் உடன்படிக்கை, 15 கடல் மைல் நாட்டு நீர், அதற்கு அப்பால் 10 கடல் மைல் மீன்பிடி. கடலடிப் பங்கீட்டை அண்டை நாடுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ள விட்டுவிட்டார்கள்.

45 நிமிடக் கேள்வியென்றால் 6 நிமிடம் திட்டமிட ஒதுக்குங்கள்; மலாக்காவுக்கு 15, கூட்டுப் பகுதிக்கு 8, கருங்கடலுக்கு 8, மீதி தொடக்கத்துக்கும் காஸ்பியனுக்கும் முடிவுக்கும். தென்சீனக் கடலை இழுத்தால் எல்லைக் கோரிக்கைகளிலேயே நேரம் கரைந்துவிடும். ஆசியானும் சீனாவும் செய்த 2002 நடத்தைப் பிரகடனத்தையும், கண்டத்திட்டு எல்லை குறித்து ஐநா ஆணையத்திடம் கொடுத்த 2009 மலேசியா–வியட்நாம் கூட்டு மனுவையும் முடிவுரையில் ஒரு வரியில் தொட்டால் போதும். ஆண்டுகளைக் குறிக்கும்போது கையெழுத்தான ஆண்டு, நடைமுறைக்கு வந்த ஆண்டு என்று பிரித்து எழுதிவையுங்கள். கருங்கடல் அமைப்புக்கு 1992 பிரகடனம், 1998 சாசனம் கையெழுத்து, 1999 நடைமுறை. கடல் சட்ட உடன்படிக்கைக்கு 1982 கையெழுத்து, 1994 நடைமுறை. மலேசியா ஏற்புறுதி செய்தது 1996.