ஹெரால்டுக்கு எண்ணெய்தான்

போன வைகாசியில் அந்த மோட்டார் கொட்டகையைத் திறந்தோம். கோட்டையூரில் அப்பா முப்பது வருஷத்துக்கு மேல் டிரைவராக இருந்த வீடு அது. முகப்பு ஒரு தெருவில், கொட்டகை பின்தெருவில். வீடு பாகம் பிரியும் நேரம். சென்னையிலிருந்து வந்திருந்த ஆச்சி அப்பாவைக் கூப்பிட்டு, "ஐயா வண்டிய இரும்புக்குப் போட மனசு வரல அண்ணே. நீங்க கொண்டுபோங்க" என்றார்கள். அப்பா பதில் சொல்லவில்லை. கொட்டகைச் சாவியை மட்டும் வாங்கிக்கொண்டார்.

உள்ளே ஸ்டாண்டர்ட் ஹெரால்டு. 1965 மாடல், இரண்டு கதவு, வெளிர் நீலம். மேலே புறா எச்சமும் ஓட்டுத் தூசியும் ஒரு விரல்கட்டை கனத்துக்கு இருந்தன. முன்பக்கம் இடது சக்கரம் மடங்கிக் கிடந்தது, கால் சுளுக்கி உட்கார்ந்த மாடு மாதிரி. 1987இல் எந்த நிலையில் இழுத்து வந்து விட்டார்களோ அதே நிலை.

ஹெரால்டைப் பார்க்காதவர்களுக்காக இரண்டு வார்த்தை. அம்பாசிடர் கல்கத்தாப் பக்கத்து வண்டி, பியட் பம்பாய் வண்டி, ஹெரால்டு நம் மெட்ராஸ் வண்டி. வண்டலூரை ஒட்டிய பெருங்களத்தூர் தொழிற்சாலையில் 1961 முதல் செய்தார்கள். உடம்பை வரைந்தவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. இதன் மூலமான இங்கிலாந்து வண்டியில் இன்ஜினை 1147 சிசிக்கு ஏற்றிய பிறகும் இங்கே 948 சிசியோடுதான் ஓடியது. நாலு கதவு ஹெரால்டு என்று பின்னால் ஒன்று வந்ததே, அது இந்தியாவில் மட்டும் வந்தது. அம்பாசிடருக்கும் பியட்டுக்கும் கியர் ஸ்டீயரிங் தண்டில் இருந்த காலத்தில் இதற்குக் கீழே தரையில். வண்டி திரும்ப 25 அடி வட்டம் போதும். வீட்டு வாசலிலேயே ரிவர்ஸ் போடாமல் ஒரே வளைப்பில் திருப்பி நிறுத்துவதைப் பார்க்கத் தெருப்பிள்ளைகள் நிற்போம் என்று ஆச்சி சொன்னார்கள். அப்பாவுக்கு அதில் இன்னமும் பெருமை உண்டு.

எனக்கு மிகவும் பிடித்தது பானெட். மட்கார்டு, ஹெட்லைட் எல்லாவற்றையும் சேர்த்து மொத்த முன்பக்கமும் முன்னோக்கிக் கவிழ்ந்து திறக்கும். முன் டயர் மேலேயே உட்கார்ந்துகொண்டு இன்ஜினில் வேலை பார்க்கலாம். சின்ன வயதில் அப்பாவை நான் அந்தக் கோலத்தில்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

நான் புதுவயலில் ஒரு அரிசி ஆலையில் பிட்டர். பேரிங், ஷாப்ட், பெல்ட் எல்லாம் கைப்பழக்கம். கார் வேலை இதுதான் முதல். ஞாயிற்றுக்கிழமையும் வேலை முடிந்த சாயங்காலமும் மட்டும்தான் கணக்கு. இப்போது தை முடிகிறது.

இன்ஜின் நான் பயந்த அளவுக்கு இல்லை. பிளக்கைக் கழற்றி நாலு சிலிண்டரிலும் டீசலும் ஆட்டோ டிரான்ஸ்மிஷன் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து விட்டு, மூன்று வாரம் தொடவே இல்லை. பிறகு நாலாவது கியரில் போட்டுப் பின் சக்கரத்தைக் கையால் தள்ளிப் பார்த்ததில் அரை அங்குலம் அசைந்தது. அன்று அதோடு விட்டுவிட்டேன். மறுநாள் ஒரு சுற்று முழுதாகச் சுற்றியது. ஹெட்டைத் திறந்து வால்வு அரைத்துப் புது கேஸ்கெட் போட்டதோடு சரி. பெட்ரோல் பம்பின் டயாப்ரமும் ரப்பர் குழாய்களும் எப்படியும் மாற்றவேண்டியவை. இப்போதைய பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அந்தக் காலத்து ரப்பர் அதில் ஊறி உப்பிவிடும். எத்தனால் தாங்கும் ரப்பராகப் பார்த்துப் போடுங்கள், இதில் மிச்சம் பிடிக்கவேண்டாம். வயரிங் முழுக்கப் புதுசு. பிரேக்கில் வீல் சிலிண்டர் ரப்பர் எல்லாம் புதுசு. டயர் 13 அங்குலம் என்பதால் சிரமமே இல்லை, வேகன் ஆர் அளவு பொருந்திவிட்டது.

துருதான் பெரிய வேலை. இந்த வண்டிக்குத் தனிச் சேஸ், அதாவது அடிச்சட்டம், அதன்மேல் உடம்பைத் துண்டு துண்டாகப் போல்ட்டில் மாட்டியிருப்பார்கள். கழற்றச் சுலபம். ஆனால் சேஸிலிருந்து கதவுக்கு அடியே நீளும் கைகள் ஒவ்வொன்றும் தண்ணீர் தங்கும் இடம். நாலு கையில் இரண்டை அறுத்துப் புதுத் தகடு வைத்து வெல்டு பண்ணவேண்டியிருந்தது. மற்ற சின்னச் சாமான்களுக்குத் தேய்ப்புத்தாள் போட்டு மாளாது என்று எங்கள் தெரு அண்ணன் ஒருவரிடம் கேட்டேன். அவர் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊர் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1953 ஜனவரி 14, பொங்கலன்று திறக்கப்பட்ட இடம் அது. துருவைப் பற்றிக் கேட்க இதைவிட நல்ல ஊர் எனக்கு எங்கே கிடைக்கும்?

அவர் சொன்ன முறை இது. பிளாஸ்டிக் டிரம்மைப் பாதியாக அறுத்து 60 லிட்டர் தண்ணீர் ஊற்றி, முந்நூறு கிராம் சலவைச் சோடாவைக் கரைக்கவேண்டும். துருப்பிடித்த சாமானைச் செப்புக் கம்பியில் கட்டி நடுவில் தொங்கவிட்டு, சுற்றிலும் கட்டடக் கம்பித் துண்டுகளை நிறுத்தவேண்டும். இரண்டும் ஒன்றோடொன்று படக்கூடாது. 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் மைனஸ் சாமானுக்கு, பிளஸ் கட்டடக் கம்பிக்கு. ஸ்விட்சைப் போட்டதும் சாமானிலிருந்து சோடா பாட்டில் மாதிரி நுரைக்கும். அது ஹைட்ரஜன், ஆகையால் கொட்டகைக்குள் வேண்டாம், வெட்டவெளியில் வை, பக்கத்தில் பீடி சிகரெட் கூடாது என்றார். கட்டடக் கம்பிக்குப் பதில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடவே கூடாது, தண்ணீரில் குரோமியம் விஷமாக இறங்கும் என்பதை இரண்டு தடவை சொன்னார். அலுமினியச் சாமானையும் போடக்கூடாது, சோடா அரித்துவிடும்.

முதல் நாள் நான் மைனஸையும் பிளஸையும் மாற்றிக் கொடுத்துவிட்டேன். ராத்திரி முழுக்க ஓடி, காலையில் பார்த்தால் பானெட் கீல் தகடு ஒன்று பூச்சி அரித்த இலை மாதிரி இருந்தது. ஆலையில் கிடந்த தகட்டில் அதை அப்படியே வெட்டிச் செய்துகொண்டேன். அன்று முதல் ஸ்விட்ச் போடுமுன் மைனஸ் எங்கே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறேன்.

சரியாகக் கொடுத்தால் இது அருமையான வேலை. ஒரு ராத்திரி, நாலைந்து ஆம்பியர். காலையில் சாமான் கறுப்புப் பூச்சோடு வரும், தேங்காய் நாரால் தேய்த்தாலே போய்விடும். நல்ல இரும்பில் ஒரு மில்லிகூடக் குறையாது. கம்பியைப் பார்த்த பக்கம்தான் நன்றாகச் சுத்தமாகும் என்பதால் நடுவில் ஒருமுறை திருப்பிவிடவேண்டும். எடுத்ததும் கழுவி, வெயிலில் காயவைத்து, உடனே பிரைமர் அடிக்கவேண்டும். டீ குடித்துவிட்டு வரலாம் என்று போனால் மஞ்சளாகப் புதுத் துரு பூத்திருக்கும். சக்கர டிஸ்க்குகள், விஷ்போன்கள் (முன்சக்கரத்தைச் சேஸோடு சேர்க்கும் கைகள்), பானெட் குழாய்கள், பம்பர் தாங்கி எல்லாம் இப்படித்தான் மீண்டன. ஸ்பிரிங்கையும் முன்சக்கரத் தண்டையும் மட்டும் தொட்டியில் போடவில்லை. உறுதியான எஃகுக்குள் அந்த ஹைட்ரஜன் புகுந்தால் எஃகு நொறுங்கும் குணத்துக்கு வந்துவிடும் என்று அண்ணன் சொல்லியிருந்தார்.

இனி அந்த முன்சக்கரம். இதற்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன்.

ஹெரால்டின் முன்சக்கரத்தை ஒரு செங்குத்துத் தண்டு தாங்குகிறது. தண்டின் அடிப்பாகத்தில் மரை. அந்த மரை ஒரு வெண்கலக் கட்டைக்குள் திருகி நிற்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்த மரையிலேயே திரும்பும். ட்ரன்னியன் என்பது அந்தக் கட்டையின் பெயர், எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் "அடிக்கட்டை". இரண்டு பக்கத்துக்கும் மரை எதிரெதிர்த் திசை. அதற்குள் போகவேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். கிரீஸ் அல்ல. எண்ணெய் மரையின் இடுக்கெல்லாம் ஏறி மேல்வரை கசியும். கிரீஸ் வாசலிலேயே நின்றுவிடும். உள்ளே ஈரம் தங்கி மரை காய்ந்து துருவேறி, மரை ஆரம்பிக்கும் இடத்தில் கீறல் விட்டு, ஒருநாள் தண்டு முறியும். முறிந்தால் சக்கரம் மடங்கிவிடும்.

வலதுபக்கத்தை முதலில் திறந்தேன். உள்ளே கிரீஸ் காய்ந்து மெழுகு மாதிரி இருந்தது. இடதுபக்கத் தண்டு மரை தொடங்கும் இடத்தில் முறிந்திருந்தது. முறிவின் பாதிக்குமேல் பழைய துரு. ஒரு ஓரம் மட்டும் வேறு நிறம், அதுதான் கடைசியாகப் பிடித்திருந்த இடம்போல. இரண்டையும் ஒரு தட்டில் வைத்துத் திண்ணையில் இருந்த அப்பாவிடம் கொண்டுபோனேன்.

அப்பாவுக்கு இப்போது எழுபத்தெட்டு. கட்டையை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தால் சுரண்டினார். "கிரீஸு" என்றார்.

அப்புறம்தான் சொன்னார், எனக்கு இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக. 1987இல் அத்தை கல்யாணத்துக்குப் பத்து நாள் லீவு போட்டிருந்தார். அந்த நேரத்தில் வண்டியை ஒரு பட்டறையில் சர்வீசுக்கு விட்டிருக்கிறார்கள். திரும்பி வந்து பார்த்தால் அடிக்கட்டையில் புது கிரீஸ். போய்க் கேட்டதற்கு, "எண்ணெய் ஒழுகிப் போயிரும்ணே, கிரீஸுதான் நிக்கும்" என்று பதில். மறுநாளே ஐயாவோடு திருச்சி, மதுரை என்று ஓட்டம். கழற்றிக் கழுவி எண்ணெய் விட ஒருநாள் வேண்டும், அந்த ஒருநாள் வாய்க்கவே இல்லை. சில மாதம் கழித்து ஊருணி ஓரத் திருப்பத்தில் சக்கரம் மடங்கியது. மெதுவாகப் போனதால் யாருக்கும் அடியில்லை. ஐயா ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. அடுத்த மாதம் அம்பாசிடர் வாங்கினார்கள். ஹெரால்டு கொட்டகைக்குப் போனது.

"நான் ஒருநா லீவு கேட்டிருக்கணும்ப்பா. கேட்டா ஐயா குடுத்திருப்பாக."

நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

புதுத் தண்டும் கட்டையும் இங்கிலாந்திலிருந்து வரவழைத்தேன். ட்ரையம்ப் ஸ்பிட்பயர் என்ற அங்குள்ள ஸ்போர்ட்ஸ் காருக்கும் இதே அமைப்பு என்பதால் இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். இரண்டு பக்கத்துக்கும் விலை, தபால், சுங்கவரி எல்லாம் சேர்த்து என் ஒரு மாதச் சம்பளத்தைத் தாண்டியது. லேத்தில் கடைந்து போடலாம், பாதிச் செலவில் முடியும் என்று நாலு பேர் சொன்னார்கள். நானே லேத்தில் நிற்கிறவன். ஆனாலும் உயிரைத் தாங்கும் சாமானை எந்த எஃகு என்று தெரியாத துண்டில் கடைய எனக்குச் சம்மதமில்லை. கதவுக் கைப்பிடி ஒன்றுக்கு மட்டும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழஞ்சாமான் கடைகளில் மூன்று ஞாயிறு அலைந்தேன். எனாமல் தட்டுகளுக்கும் பழைய பூட்டுகளுக்கும் நடுவில் ஹெரால்டின் கைப்பிடியே கிடைத்தது. அந்தச் சந்தோஷத்தை எழுதினால் நீண்டுவிடும்.

பூட்டும் நாளன்று அப்பா நாற்காலியைக் கொட்டகைக்குள் போடச் சொன்னார். மரைக்கு முதலில் எண்ணெய் தடவி, கட்டையை முழுக்க ஏற்றி, பிறகு கொஞ்சம் பின்வாங்க வைக்கவேண்டும். முழுக்க இறுக்கி விட்டுவிட்டால் ஸ்டீயரிங் ஒரு பக்கம் முழுதாக வளையாது. கட்டையின் அடியில் இருக்கும் திருகை எடுத்துவிட்டு நிப்பிள் மாட்டி, கிரீஸ் கன்னை நன்றாகக் கழுவி அதில் கியர் ஆயிலை நிரப்பி அடித்தேன். கட்டையின் தலைப்பக்கம் சுற்றிலும் எண்ணெய் கசியும்வரை அடிக்கவேண்டும். "இன்னும் அடி... இன்னும்... ம், போதும்." அப்பாவின் கண் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

ஜாக்கியிலிருந்து இறக்கியதும் பின்சக்கரம் இரண்டும் உள்பக்கம் மடங்கி வண்டி நொண்டிபோல் நின்றது. எனக்குத் திக்கென்றது. அப்பா, "அது அப்படித்தான் நிக்கும், பத்தடி தள்ளு" என்றார். தள்ளினோம், தானாக நேரானது. பின் அச்சு இரண்டு துண்டாகத் தனித்தனியே ஆடும் வண்டி இது. படித்திருந்தேன், கண்ணால் பார்த்தது அன்றுதான்.

தை முதல் வாரம் பிள்ளையார்பட்டிக்குப் போனோம். கோட்டையூரிலிருந்து காரைக்குடிக்குள் நுழைந்து குன்றக்குடி வழியாக. ஓட்டத்திலேயே கியர் உரசாமல் விழ வைக்கும் சிங்க்ரோமெஷ் முதல் கியருக்குக் கிடையாது, வண்டி முழுக்க நின்ற பிறகுதான் போடவேண்டும். வழியெல்லாம் அப்பா பக்கத்து இருக்கையில் இடது காலால் இல்லாத கிளட்ச்சை மிதித்துக்கொண்டே வந்தார். நாற்பதுக்குமேல் நான் போகவில்லை. குன்றக்குடி மலை தெரிந்ததும் கொஞ்சம் ஏற்றலாம் என்றார், ஐம்பது போனேன். டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நின்றது. கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றிவிட்டு, திருப்பும்போது மட்டும் சாவியைக் கேட்டார். லைசென்ஸ் எப்போதோ முடிந்துபோயிற்று, ரோட்டில் கொடுக்கமுடியாது என்றேன். சரி என்று தலையாட்டினார். வீட்டுக்கு வந்த பிறகு, எங்கள் வேலிக்குள் இருக்கும் காலிமனையில் கொடுத்தேன். ஒரே வளைப்பு, ரிவர்ஸ் இல்லை.

பாக்கி இன்னும் நிறைய. கதவு ரப்பர் கிடைக்கவில்லை, டைனமோ சார்ஜ் ஏறி இறங்குகிறது, டிக்கித் தரையில் ஒரு ஓட்டையை டின்ஷீட்டால்தான் மூடியிருக்கிறேன். பெயிண்ட் அடுத்த வருஷம். பழைய நீலம் கதவு மடிப்புக்குள் அழியாமல் இருக்கிறது, அதைக் காட்டி நிறம் கலக்கச் சொல்லப்போகிறேன்.

அடிக்கட்டைக்கு 1,500 கிலோமீட்டருக்கு ஒருமுறை எண்ணெய் என்று நான் முடிவு பண்ணியிருந்தேன். அப்பா ஆயிரம் என்றார். டேஷ்போர்டு தட்டில் ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். முதல் பக்கத்தில் எண்ணெய் விட்ட தேதி அவர் கையெழுத்தில் இருக்கிறது.