அரை நாள் கணக்கு

பாடத்திட்டங்களுக்கும் தேர்வு விதிகளுக்கும் ஒப்புதல் தரும் அகாடமிக் கவுன்சில் கூட்டத்துக்கு முதல் நாள் எங்கள் கல்லூரியில் நடக்கும் பெரிய விவாதம், மதியச் சாப்பாட்டை எந்த மெஸ்ஸில் சொல்வது என்பதுதான். மறுநாள் எல்லாத் துறைப் பாடத்திட்டங்களும் பைண்டு செய்து மேசைமேல் அடுக்கியிருக்கும். துறைக்கு ஐந்து நிமிடம். முதல்வர் "பாஸ்டு" (நிறைவேறியது) என்பார், அடுத்த துறைத்தலைவர் எழுந்திருப்பார். நானும் பல வருடம் அப்படி எழுந்து உட்கார்ந்தவன்தான்.

தன்னாட்சிக் கல்லூரி என்பது 1966இல் கோத்தாரி கல்விக் குழு தன் அறிக்கையில் சொன்ன யோசனை. தமிழ்நாட்டில் 1978இல் லயோலா, சென்னைக் கிறித்தவக் கல்லூரி போன்றவை முதலில் பெற்றன. எங்களைப் போன்ற அரசுக் கலைக் கல்லூரிகளுக்கு அது பிறகுதான் வந்தது. பட்டம் பல்கலைக்கழகம் தரும். பாடம், தேர்வு, மதிப்பெண் எல்லாம் எங்கள் கையில். அரசுக் கல்லூரியில் இதிலொரு வேடிக்கை உண்டு. ஓர் ஆசிரியரை நியமிக்கவோ மாற்றவோ எங்களால் முடியாது, அது சென்னையில் முடிவாகும். ஆனால் எந்தப் பிள்ளை தேர்வு எழுதலாம், யார் எழுதக்கூடாது என்ற விதியை ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து நாங்களே எழுதிவிடலாம்.

வருகைப் பதிவு 75 சதவீதம் இருந்தால் ஹால் டிக்கெட். 65க்கு மேலென்றால், குறைவை மன்னிக்கக் கட்டும் கண்டோனேஷன் கட்டணம். அதற்கும் கீழே போனால் அந்தப் பருவத் தேர்வு இல்லை. இதில் யாருக்கும் சண்டையில்லை, எண்ணுகிற விதத்தில்தான் விஷயம். முதல் மணி வகுப்புக்கு ஆளில்லை என்றால் எங்கள் கல்லூரியில் அரை நாள் போய்விடும். பத்து நிமிடம் பிந்தியவனுக்கும் மத்தியானம் வரை வராதவனுக்கும் ஒரே கணக்கு.

இதை எனக்குக் காட்டியவர் எங்கள் வரலாற்றுத் துறையின் கௌரவ விரிவுரையாளர் ஒருவர், அதாவது நிரந்தரப் பணியில் இல்லாத ஆசிரியர். "சார், முதல் மணிக்கு வராதவங்க யாருன்னு மட்டும் பாருங்க" என்று ரெஜிஸ்டரைப் பிரித்து வைத்தார். திரும்பத் திரும்ப அதே பெயர்கள். விடியற்காலையில் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை இறக்குபவன், ராத்திரி பெட்ரோல் பங்க்கில் நிற்பவன், ஒன்பது மணி டவுன் பஸ்ஸை விட்டால் வேறு வழியில்லாத மூன்று பெண்கள். இரண்டாம் மணியிலிருந்து மாலை வரை எல்லாரும் வகுப்பில் இருந்திருக்கிறார்கள். அந்த வகுப்புக்கு நானும் வாரம் நான்கு மணி போகிறேன். எல்லாமே பதினொரு மணிக்கு மேல், அதனால் எனக்குத் தெரியவில்லை. (அப்படி எப்படி வாய்த்தது என்று கேட்காதீர்கள். டைம்டேபிள் போடுவது துறைத்தலைவர்.)

சரி, வருகையை ஒவ்வொரு மணி வகுப்புக்கும் தனித்தனியாக எண்ணலாம் என்று கவுன்சிலுக்கு விவாதப் பொருள் எழுதிக் கொடுத்தேன். ஒழுக்கம் கெட்டுவிடும் என்று இரண்டு பேர் சொன்னார்கள், அது சம்பிரதாயம். கணிதத் துறைத் தலைவர் கேட்டதுதான் கனமான கேள்வி. "பருவத்துக்கு 90 நாள், நாளைக்கு ஐந்து மணி. ஒரு பையனுக்கு 450 கட்டம். இப்போது அரை நாள் கணக்கில் 180தான். யார் கூட்டுவது?"

"எப்பவும் போல கௌரவ விரிவுரையாளர்கள்தான்" என்று யாரோ சொல்ல, எல்லாரும் சிரித்தோம். நானும்.

பல்கலைக்கழகத்திலிருந்து வந்திருந்த பேராசிரியை மட்டும் சிரிக்கவில்லை. "அவங்க யாராவது இங்க இருக்காங்களா?" என்றார்.

இல்லை. கவுன்சிலில் துறைத்தலைவர்கள் எல்லாரும் உண்டு. மற்ற ஆசிரியர்களில் நான்கு பேர் பணிமூப்புச் சுழற்சியில் வருவார்கள். மாதம் 25,000 ரூபாய்க்கு, அதுவும் வருடத்தில் 11 மாதம் வேலை செய்பவருக்குப் பணிமூப்பு ஏது? ஆனால் துறையின் பாடத்திட்டத்தைப் பேசும் போர்டு மீட்டிங்குக்கு (போர்டு ஆஃப் ஸ்டடீஸ்) அந்தச் சாக்கும் கிடையாது. துறை ஆசிரியர்கள் அனைவரும் என்றுதான் விதியில் இருக்கிறது. அதற்குத் தலைவன் நான். ஒரு தடவைகூட அவர்களை அழைத்ததில்லை. 2023இல் மாநில உயர்கல்வி மன்றம் மாதிரிப் பாடத்திட்டம் அனுப்பியபோது, "பாடம் நடத்துறவனைக் கேட்காம என்ன பாடத்திட்டம்?" என்று ஸ்டாஃப் ரூமில் குரலுயர்த்திப் பேசியவனும் நான்தான்.

பொருள் நிறைவேறியது, ஒரு வருடச் சோதனை என்ற நிபந்தனையோடு. அந்தப் பருவத்தில் மார்க்கெட் பையன் கட்டணம் கட்டாமலே ஹால் டிக்கெட் வாங்கினான். பெட்ரோல் பங்க் பையன் அதற்குள் படிப்பை விட்டிருந்தான்.

அடுத்த போர்டு மீட்டிங்குக்குத் துறையின் ஐந்து கௌரவ விரிவுரையாளர்களுக்கும் கடிதம் கொடுத்தேன். இரண்டு பேர் வந்தார்கள். ரெஜிஸ்டரைக் காட்டியவர் வரவில்லை. மற்ற இருவரோடு அவரும் வகுப்பில் இருந்தார். நாங்கள் கூட்டத்தில் உட்கார்ந்திருந்ததால், எங்கள் வகுப்புகளையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு.